லீடிங், லேகிங் இழை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்
(டிஎன்ஏ நகலாவதுதான் ரெப்ளிகேஷன். அப்போது தாய் இழை இரண்டும் பிரியும் இடம் ஃபோர்க். புது இழைகளில் ஃபோர்க்கை நோக்கித் தொடர்ச்சியாக வளர்வது லீடிங், எதிர்ப்பக்கமாகத் துண்டு துண்டாக வளர்வது லேகிங்.)

வேளச்சேரி வாசி
அண்ணா நகரில் ஒரு நீட் கோச்சிங். தாய் டிஎன்ஏவின் ஒரு இழைக்கு 'லீடிங்', இன்னொன்றுக்கு 'லேகிங்' என்று சார் பெயர் எழுதிவிட்டார். "சார், அந்தப் பெயரெல்லாம் புதுசா வளர்ற இழைக்குத்தானே? அதுவும் ஆரிஜினுக்கு, அதாவது நகலெடுக்க ஆரம்பிக்கிற இடத்துக்கு, ரெண்டு பக்கமும் ஃபோர்க் திறக்குது. இந்தப் பக்கம் லீடிங்குக்கு டெம்ப்ளேட்டா, அதாவது அச்சா, இருக்கிற அதே தாய் இழை அந்தப் பக்கம் லேகிங்குக்கு டெம்ப்ளேட் ஆகுதே?" என்றேன். போர்டையே பார்த்தார். அப்புறம் டஸ்டரை எடுத்து வலது ஃபோர்க்கை மட்டும் அழித்தார். "நீட்டுக்கு இவ்வளவு போதும்ப்பா."

குரோம்பேட்டை அம்மா
என் மகளுக்கு இதில் மார்க்கே போச்சு. லேகிங் துண்டுகளுக்கு அம்புக்குறியை ஃபோர்க்குக்கு எதிர்ப்பக்கமாகப் போட்டிருந்தாள். மிஸ் சிவப்பு மையில் எல்லாவற்றையும் திருப்பிவிட்டார். நான் பி.காம். புத்தகத்தில் இருப்பதும் அவள் போட்டதும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிகிறது.

பழைய பயோகெம்
அம்மா, உங்கள் மகள் போட்டதுதான் சரி. டிஎன்ஏ இழைக்கு 5', 3' என்று இரண்டு முனை. இழையை வளர்க்கும் பாலிமரேஸ் நொதி, புது நியூக்ளியோடைடை (டிஎன்ஏவின் ஓர் அலகு) 3' முனையில் மட்டுமே சேர்க்கும். அதனால் புது இழை இரண்டுமே 5'-லிருந்து 3'-க்குத்தான் வளரும். வேளச்சேரி தம்பி, சாரைக் குறை சொல்லாதீங்க, நாற்பது நிமிஷ கிளாஸில் அவர் என்ன செய்வார்? யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதலில் தாய் இழைகளின் நான்கு முனைகளிலும் 5', 3' போடுங்கள். பிறகுதான் அம்பு, கடைசியில்தான் பெயர். டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ எழுதும்போது வரும் கோடிங் இழையை இங்கே இழுக்காதீர்கள், அது டிரான்ஸ்கிரிப்ஷன் சமாச்சாரம். ரெப்ளிகேஷனில் இரண்டு தாய் இழையுமே டெம்ப்ளேட். லேகிங் துண்டுகளைக் கண்டுபிடித்தது ஜப்பானின் ரெய்ஜி, சுனேகோ ஓகசாகி தம்பதி, 1960களில். பாக்டீரியாவில் ஒரு துண்டு 1000 முதல் 2000 நியூக்ளியோடைடு, நம் செல்களில் 100 முதல் 200தான். என் அனுபவமா? பெரிதாக ஒன்றுமில்லை, எம்.எஸ்ஸியில் இதே கேள்வியைச் சாய்ஸில் விட்டேன்.

வேளச்சேரி வாசி
குறை சொல்லவில்லை அண்ணா. அழித்ததைத்தான் சொன்னேன்.

தரமணி லேப்
மே மாச வைவா, ஃபேன் ஓடவில்லை. எனக்கு முன்னால் நின்ற பையனிடம் எக்ஸ்டர்னல் மேடம் மோர் டம்ளரைக் கீழே வைக்காமலே, "லேகிங்கில் ப்ரைமர் எத்தனை?" என்றார். (இழை வளரத் தொடக்கமாக அமையும் சின்ன ஆர்என்ஏதான் ப்ரைமர்.) "ஒண்ணு மேடம்." அவன் ரெக்கார்டில் அவனே வரைந்திருந்த ஓகசாகி துண்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். மூன்றாவது துண்டில் அவனுக்குப் புரிந்துவிட்டது: துண்டுக்கு ஒரு ஆர்என்ஏ ப்ரைமர். "அப்போ அதையெல்லாம் எடுத்த பிறகு யார் ஒட்டுறது?" "லைகேஸ் மேடம்." அடுத்து என்னைக் கூப்பிட்டார். என்னிடம் பிசிஆர்.