கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில் மகளைச் சேர்க்கும் முன் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

வாசற்படி:

எங்கள் மகளுக்கு வரும் கல்வியாண்டில் ஆறு வயது நிறைகிறது. நடந்து போகும் தொலைவில், அப்பகுதிக் கத்தோலிக்கரின் பங்குக்கோயிலை ஒட்டி, ஒரு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி இருக்கிறது. வகுப்புக்கு ஒரே பிரிவு. பள்ளி முழுவதையும் கூட்டினாலும் 200 பிள்ளைகளைத் தாண்டாது. நாங்கள் கத்தோலிக்கர் அல்லர். அக்கம்பக்கத்தில் விசாரித்தால், அங்கே ஒழுக்கம் நன்றாக இருக்கும் என்ற ஒரே பதில்தான் திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. ஒழுக்கம் என்று சொல்பவர்களில் பாதிப்பேர் சத்தம் வராத வகுப்பறையைத்தான் மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள் என்பது என் எண்ணம். ஆகவே அந்தப் பதில் எனக்கு உதவவில்லை.

படிப்பின் தரத்தைப் பெற்றோர் எப்படி அறிவது? இவ்வளவு சிறிய பள்ளியில் நூலகம், விளையாட்டிடம் போன்றவை உண்மையிலேயே பயன்பாட்டில் இருக்குமா? செப நேரத்திலும், கத்தோலிக்க நம்பிக்கையைப் பயிற்றுவிக்கும் மறைக்கல்வி வகுப்பிலும் எங்கள் மகள் எங்கே இருப்பாள், என்ன செய்வாள்? இந்தக் கடைசிக் கேள்விதான் என் கணவரை உறுத்துகிறது. அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கரும்பலகை:

அம்மா, இத்தகைய பள்ளிகளில் 22 ஆண்டுகள் பாடம் நடத்தியவள் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் பள்ளியை நடத்துவது யார் என்று கேளுங்கள். பங்குத்தந்தையின் பொறுப்பில் இயங்கும் பள்ளி, ஆயரின் (பிஷப்பின்) கீழுள்ள மறைமாவட்டம் நேரடியாக நடத்தும் பள்ளி, துறவற சபை நடத்தும் பள்ளி ஆகிய எல்லாவற்றுக்கும் கத்தோலிக்கப் பள்ளி என்றே பெயர். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்றின் வாடை மற்றொன்றில் இருக்காது. 1680ஆம் ஆண்டு பிரான்சில் புனித லசால் தொடங்கிய சபையின் சகோதரர்கள், பிள்ளைகளை வகுப்புகளாகப் பிரித்து ஒன்றாக அமர்த்திக் கற்பிப்பதையும், வாசிப்பை இலத்தீனில் தொடங்காமல் தாய்மொழியில் தொடங்குவதையும் வழக்கமாக்கினார்கள். இத்தாலியக் குருவான தொன் போஸ்கோவின் வழியில் நடக்கும் பள்ளிகளிலோ, தவறு நடந்த பிறகு தண்டிப்பதைவிட, தவறு நடக்காதபடி ஆசிரியர்கள் ஆடுகளத்திலும் பிள்ளைகளோடு கூடவே நிற்பதுதான் அடிப்படை. நீங்கள் ஐயப்படும் அந்த ஒழுக்கம் என்னும் சொல்லுக்கு அவர் கொடுத்த பொருள் அதுதான். ஆகவே இடைவேளையின்போது போய்ப் பாருங்கள். ஆசிரியர்கள் முற்றத்தில் இருக்கிறார்களா, ஓய்வறையில் இருக்கிறார்களா என்பது ஐந்து நிமிடங்களில் தெரிந்துவிடும்.

படிப்பைப் பொறுத்தவரை, கத்தோலிக்கப் பள்ளிகளின் கல்வித்தரம் அந்தப் பகுதியிலுள்ள மற்றப் பள்ளிகளின் தரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பே (எண் 806) கூறுகிறது. சட்டம் இருக்கிறது என்பதற்காக எல்லாப் பள்ளிகளும் அப்படி இருக்கின்றன என்று நான் சொல்லவில்லை. முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைக் குறிப்பேடுகளைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாக் குறிப்பேடுகளிலும் ஒரே வாக்கியங்கள், ஒரே வரிசையில், அழகிய கையெழுத்தில் இருந்தால், அவை பலகையிலிருந்து பார்த்து எழுதப்பட்டவை. எழுத்துப்பிழையும் அடித்தலுமாக, குழந்தைக்குக் குழந்தை வேறுபடும் வாக்கியங்களும், அவற்றின் ஓரத்தில் ஆசிரியர் எழுதிய ஒன்றிரண்டு சொற்களும் இருந்தால், அங்கே கற்பித்தல் நடக்கிறது.

சமயத்தைப் பற்றி ஒரு வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். 1988இல் உரோமையின் கத்தோலிக்கக் கல்விப் பேராயம் (வத்திக்கானில் கல்வியைக் கவனிக்கும் துறை) வெளியிட்ட ஆவணம், பள்ளிப் பாடமாகச் சமயத்தைப் பற்றிக் கற்பதையும், நம்பிக்கை கொண்டவர்களுக்கு அளிக்கும் மறைக்கல்வியையும் தனித்தனியாகவே பேசுகிறது. முன்னதில் உங்கள் மகள் எல்லோருடனும் அமர்ந்து விவிலியக் கதைகளைக் கேட்கலாம். பின்னதில் அமர வேண்டிய கட்டாயம் இருக்கக் கூடாது. பிற சமயக் குடும்பங்களின் மனச்சான்று மதிக்கப்பட வேண்டும் என்றும் அதே ஆவணம் சொல்கிறது. தலைமையாசிரியை இந்த இரண்டையும் பிரித்துப் பேசுகிறாரா, குழப்பிப் பேசுகிறாரா என்று கவனியுங்கள்.

ஈரக்குடை:

கரும்பலகை ஆசிரியை எழுதியவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஆவணங்களில் இருப்பது வேறு, இரண்டாம் வகுப்பில் நடப்பது வேறு என்பதை ஒரு தந்தையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்களும் கத்தோலிக்கர் அல்லர். திருத்தந்தை பத்தாம் பயஸ் 1910இல், பகுத்தறியும் வயதாகிய ஏழு வயதளவிலேயே பிள்ளைகள் நற்கருணை (திருப்பலியில் கொடுக்கும் புனித அப்பம்) வாங்கலாம் என்று ஆணையிட்ட பிறகு, அதை முதன்முறை வாங்கும் சடங்கான புதுநன்மைக்கான தயாரிப்பு பல இடங்களில் இரண்டாம் வகுப்பையொட்டியே நடக்கிறது. என் மகன் படித்த பள்ளியில் அந்த ஆண்டின் கடைசி இரண்டு மாதங்கள் வகுப்பு முழுவதும் அதே பேச்சுதான்: பாட்டுப் பயிற்சி, வரிசையில் நடக்கும் பயிற்சி, வெள்ளை உடை. அவனையும் இன்னும் இரண்டு பிள்ளைகளையும் பின்பெஞ்சில் அமர்த்தி, படத்துக்கு வண்ணம் தீட்டச் சொன்னார்கள். எவரும் அவனை வற்புறுத்தவில்லை; எவரும் கடிந்தும் பேசவில்லை. ஆனால் ஒரே கப்பல் படத்தை நான்கு முறை தீட்டிக்கொண்டு வந்தான். நான்காவது கப்பலுக்குக் கறுப்பு மட்டுமே பூசியிருந்தான். அதன் பிறகுதான் நான் போய்ப் பேசினேன். அந்த நேரத்தை நூலகத்தில் வாசிப்புக்கு ஒதுக்கித் தந்தார்கள்; கேட்ட மறுநாளே தந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆகவே கட்டாயம் உண்டா என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். கட்டாயமில்லாத பிள்ளைக்கு அந்த நேரத்தில் என்ன வேலை வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

வசதிகளைப் பற்றிச் சுருக்கமாக: பெயர்ப்பலகையை நம்பாதீர்கள். நாங்கள் சேர்த்தபோது கணினி அறை என்று எழுதியிருந்த அறைக்குள் உடைந்த நாற்காலிகள் அடுக்கிக் கிடந்தன; கேட்டதற்கு அடுத்த பருவம் என்றார்கள், மூன்று பருவங்கள் போயின. நூலகத்தில் இரவல் பதிவேட்டைப் பாருங்கள். கடைசியாகப் புத்தகம் எடுத்த தேதி உண்மையைச் சொல்லிவிடும். கழிவறையைக் காலையில் பார்க்காமல் மதியத்துக்கு மேல் பாருங்கள்.

சங்கு:

நான் அப்படியொரு பள்ளியில் ஐந்து ஆண்டுகள் படித்தவன், கத்தோலிக்கக் குடும்பம். மாணவர் வாழ்க்கையைப் பற்றி எவரும் எழுதவில்லையே என்று சேர்க்கிறேன். ஐந்தாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவருக்கும் முதல் வகுப்புக் குழந்தை ஒன்றை ஒப்படைப்பார்கள். கோயிலுக்கு வரிசையாகப் போகும்போது அந்தக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்வதும், அது பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தால் திருப்பிக் கொடுப்பதும் எங்கள் பொறுப்பு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அட்டைப்பெட்டி உண்டியல், கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் எல்லோருக்கும் ஏதோ ஒரு வேடம். எனக்கு மூன்று ஆண்டுகள் ஆட்டுக்குட்டிதான், அது தனிக்கதை.

குறையும் உண்டு. ஒரே பிரிவு என்பதால் முதல் வகுப்பில் ஒருவனோடு முட்டிக்கொண்டால் ஐந்தாம் வகுப்பு வரை அவனோடுதான் உட்கார வேண்டும். வேறு பிரிவுக்கு மாற்ற வழியே இல்லை. பெரிய பள்ளிகளில் நிர்வாகம் பிள்ளைகளைப் பிரித்து அமர்த்தி முடித்துவிடும் சச்சரவை, எங்கள் ஆசிரியை இருவரையும் நிற்கவைத்துப் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. அவர் அதில் கைதேர்ந்தவர். அவருக்கு முன்னிருந்தவர் அப்படியில்லை. அந்த ஓராண்டு எனக்கு நரகம். சிறிய பள்ளியில் ஓர் ஆசிரியரின் குணமே ஓராண்டின் வானிலை.

கரும்பலகை:

ஈரக்குடை ஐயா சொல்வதை மறுக்க முடியவில்லை. வண்ணம் தீட்டும் தாளை நானும் பல ஆண்டுகள் கொடுத்திருக்கிறேன். அந்த நேரத்துக்கெனத் தனி ஆசிரியர் இருக்க மாட்டார் என்பதுதான் நடைமுறைக் காரணம். ஆனால் அது பள்ளியின் சிக்கலே தவிரக் குழந்தையின் சிக்கலாகக் கூடாது.

வாசற்படி:

எல்லோருக்கும் நன்றி. இன்று இடைவேளை நேரத்தில் போய் வந்தோம். முற்றத்தில் இரண்டு ஆசிரியைகளும் வயதான ஓர் அருட்சகோதரியும் நின்றிருந்தார்கள். இரவல் பதிவேட்டில் கடைசித் தேதி முந்தைய நாளுடையது. மூன்றாம் வகுப்புக் குறிப்பேடுகளில் அடித்தல் தாராளமாக இருந்தது. முதல் வகுப்பினுடையவை மட்டும் ஒரே அச்சாக இருந்தன. அதைச் சுட்டிக்காட்டியபோது, அந்த வகுப்புக்குப் புதிய ஆசிரியை வந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்று தலைமையாசிரியை தயங்காமல் ஒப்புக்கொண்டார். மறைக்கல்வி நேரத்தில் எங்கள் மகளுக்கு என்ன வேலை என்று கேட்டபோதுதான் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, இதுவரை இப்படி எவரும் கேட்டதில்லை என்றும், வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தருவதாகவும் சொன்னார். சேர்க்கைப் படிவத்தை வாங்கி வந்திருக்கிறோம்; இன்னும் நிரப்பவில்லை.