கீசர் போட்டா ஆர்சிசிபி விழுகுது

கேள்வி: காரைக்குடி, போர் தண்ணி. 15 லிட்டர், 2000 வாட் கீசர். சுவிட்ச் போட்டதுமே ஆர்சிசிபி (மின்கசிவு வந்தா கரண்டை வெட்டுற சுவிட்ச்) விழுகுது. எலிமெண்ட் போச்சாண்ணே?

பதில் 1: பெரும்பாலும் அதான். மெயினை அணைச்சு, எலிமெண்ட் வயர் ரெண்டையும் கழற்றிட்டு மல்டிமீட்டர் வைங்க. ரெண்டு முனைக்கும் நடுவுல 26 ஓம் பக்கம் வரணும். முனைக்கும் எலிமெண்ட் தகட்டுக்கும் நடுவுல எதுவும் காட்டக் கூடாது. காட்டினா, உப்பு ஏறிச் சூடு வெளியேறாம உறை வெடிச்சு உள்ளே தண்ணி இறங்கியிருக்கும். மாத்துறதுதான் வழி.

பதில் 2: லேசான மின்கசிவு மல்டிமீட்டருக்குச் சிக்காதுங்க. 500 வோல்ட் மெக்கர்தான் (இன்சுலேஷன் சோதிக்கிற மீட்டர்) காட்டிக்கொடுக்கும். மாத்துறப்ப கேஸ்கெட்டும் புதுசு போடுங்க. மெக்னீசியம் ஆனோடு (டேங்க் துருப்பிடிக்காம இருக்க, தான் கரையுற கம்பி) கரைஞ்சு உள்கம்பி தெரிஞ்சா அதையும் மாத்துங்க. நம்ம ஊர் உப்புத் தண்ணிக்கு வருசா வருசம் பாக்கணும். டேங்குக்குள்ள பாத்ரூம் ஆசிட் மட்டும் ஊத்திறாதீங்க!

பதில் 1: வெந்நீர்க் குழாயில தண்ணி சீரா வந்தப்புறம் சுவிட்சைப் போடுங்க. காலி டேங்குல புது எலிமெண்டும் கருகிரும்.