ரெய்லேல கடலோர க்ளைம்பிங்: பளபளன்னு இருக்கிற போல்ட்டை நம்பலாமா?

அல்சூர்வாசி:
டிசம்பர்ல பெங்களூர்ல இருந்து நாங்க சில பேர் தாய்லாந்து போறோம், க்ராபி பக்கம் ரெய்லேல கடலை ஒட்டின ஒரு சின்ன பாறைல ஸ்போர்ட் க்ளைம்பிங் (பாறைல பதிச்சு வச்ச இரும்பு போல்ட்ல கயிறை மாட்டிக்கிட்டே ஏறுறது) பண்ணலாம்னு ப்ளான். இதுவரைக்கும் ராமநகரா கிரானைட், பாதாமி சாண்ட்ஸ்டோன், வார நாள்ல கண்டீரவா ஸ்டேடியம் வால், அவ்ளோதான் பழக்கம், சுண்ணாம்புக்கல்லு தொட்டதே இல்ல. பாதாமில 6a கிரேடு (கஷ்டத்தைச் சொல்ற அளவு) ரூட்டை லீட் பண்றேன், அதாவது கயிறை நானே போல்ட்ல மாட்டிக்கிட்டு முதல்ல ஏறுறேன். கடலோரத்துல போல்ட் ஒடைஞ்சு வரும்னு ஒரு ஃப்ரெண்ட் சொல்றான், இன்னொருத்தன் அதெல்லாம் ஸ்டெயின்லெஸ்டா, பளபளன்னு இருந்தா க்ளிப் பண்ணிட்டுப் போயிட்டே இருங்கிறான். யார் சொல்றது சரி? கயிறு எவ்ளோ நீளம் வேணும்?

பாறைப்பல்லி:
தம்பி, மொத ஃப்ரெண்ட் சொல்றதுதான் சரி. ராமநகரால துருவைப் பாத்து போல்ட்டை எடை போட்டுப் பழகிட்டோம், அங்க அந்தக் கணக்கு செல்லாது. கடக்காத்துல வர்ற உப்பு, அந்த ஊர் வெக்கை, சுண்ணாம்புக்கல்லுல ஊறி வர்ற தாது எல்லாம் சேர்ந்து, முறுக்கி டைட் பண்ணின ஸ்டீலுக்குள்ள மயிரிழையா விரிசல் விடும், இதுக்கு ஸ்ட்ரெஸ் கரோஷன் க்ராக்கிங்னு பேரு. வெளில லேசா ஒரு பழுப்புக் கறை இருந்தா உண்டு, சில நேரம் அதுவும் இருக்காது. சாதாரண 304 ரக ஸ்டெயின்லெஸ் மட்டும் இல்ல, கடலுக்குன்னு விக்கிற 316 ரகத்துலயும் இது வரும். மழை படாத ஓவர்ஹேங்கு (வெளிப்பக்கமா சாஞ்சு நிக்கிற பாறை) இன்னும் மோசம், ஒட்டின உப்பு கழுவிப் போகவே வழியில்ல.

அதனாலதான் அங்க டைட்டானியம் க்ளூ-இன் (பசை போட்டு ஒட்டுற) போல்ட்டா மாத்திட்டு வர்றாங்க, தைட்டானியம் ப்ராஜெக்ட்னு ஒரு குழு ஏறுறவங்க குடுக்கிற நன்கொடைல இந்த வேலையைப் பண்ணுது. வெயில்ல தொங்கிக்கிட்டே ட்ரில் போட்டு, ஓட்டையைப் பிரஷ் விட்டு சுத்தம் பண்ணி, பசை ஊத்தி, காயற வரைக்கும் காத்திருக்கணும், லேசுப்பட்ட வேலை இல்ல. ஏறிட்டு வர்றவங்க கைல முடிஞ்சதைக் குடுத்துட்டு வாங்க.

டைட்டானியம்னா தனியா ஹேங்கர் (கொக்கி மாட்டுற தகடு), நட்டு இருக்காது, மங்கின சாம்பல் கலர்ல ஒத்தைக் கம்பி வளைஞ்சு பாறைக்குள்ள போயிருக்கும். ஆனா ஸ்டீல்லயும் க்ளூ-இன் உண்டு, அதனால கண்ணை மட்டும் நம்பாம அங்க இருக்கிற க்ளைம்பிங் கடைல ரூட் பேர் சொல்லிக் கேளு, புது போல்ட் போட்டாச்சான்னு.

மல்லேஸ்வரம் மீனா:
அண்ணா போல்ட் பத்தி சொல்லிட்டாரு, நான் ஏறுறதைப் பத்தி சொல்றேன். ராமநகரா சாய்வான ஸ்லாப் பாறைல காலை உரசி நின்னு பழகினவங்களுக்கு அங்க செங்குத்தும் ஓவர்ஹேங்கும் முன்னங்கையைச் சீக்கிரம் காலி பண்ணிடும். கூட்டம் ஏறுற ரூட்ல கால் வைக்கிற இடமெல்லாம் தேய்ஞ்சு வழவழன்னு இருக்கும், அதனால 5 கிரேடு ரூட்ல ஆரம்பிங்க, ரெய்லே ஈஸ்ட் பக்கம் 123 வால்ல ஈஸியான ரூட் நிறைய. தொங்குற சுண்ணாம்பு விழுதை வெளில இழுக்காதீங்க, தட்டிப் பாருங்க, டொங்குன்னு உள்ள காலியா சத்தம் வந்தா வேற பிடி தேடுங்க. கயிறு 60 மீட்டர் நிறைய ரூட்டுக்குப் போதும், 70 இருந்தா நிம்மதி. எதுவா இருந்தாலும் கயிறு நுனில முடிச்சு போடாம பிலே (கீழ நின்னு ஏறுறவங்க கயிறைப் பிடிக்கிறது) பண்ணாதீங்க ப்ளீஸ். ஆவ் நாங்ல இருந்து படகுலதான் போகணும், ரோடு கிடையாது. பக்கத்துல இருக்கிற டொன்சாய் பீச்சுக்குக் கரையோரமா நடக்கணும்னா கடல் வத்துற நேரம் பாத்து கிளம்புங்க.

கெங்கேரி க்ளைம்பர்:
பாறை ஓட்டைல கட்டி விட்டிருக்கிற பழைய நாடாவையும் நம்பாதீங்க, வெயிலும் உப்பும் அதைத் தின்னுடும். நம்ம குவிக்ட்ரா (போல்ட்டுக்கும் கயிறுக்கும் நடுவுல மாட்டுறது) கொக்கி அலுமினியம்தான், தினமும் நல்ல தண்ணில அலசி நிழல்ல காய வைங்க, இல்லன்னா கொக்கியோட கேட் இறுகிக்கும்.

அல்சூர்வாசி:
ரொம்ப தேங்க்ஸ் அண்ணா, அக்கா. ஒரு ரூட்ல கீழ டைட்டானியம், மேல போகப் போக பழைய ஹேங்கர்னா என்ன பண்றது?

பாறைப்பல்லி:
அதுக்கு மேல ஏறாத தம்பி. கடைசி ரெண்டு டைட்டானியம் போல்ட்லயும் லாக்கிங் காரபைனர் (பூட்டு வச்ச கொக்கி) ஒண்ணொண்ணு விட்டுட்டு, கயிறை ரெண்டுலயும் போட்டு இறங்கிடு. அந்தக் காரபைனர் காசைப் பாக்காத. கீழ வந்ததும் எந்த ரூட், எத்தனாவது போல்ட்னு கடைல சொல்லிட்டு வா, அவங்க மாத்துறதுக்கு உதவும்.