கறுப்பு கோட்டு போடாமல் வக்கீல் ஆபீஸில் வேலை: உங்கள் அனுபவம் என்ன?

*ஊட்டியிலிருந்து:*

பி.எல். முடித்து என்ரோல் செய்த ஆறாவது மாதமே தெரிந்துவிட்டது, நின்று வாதாடும் ஆள் நானில்லை என்று. ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். சீனியர் திட்டவில்லை. "நாளையிலேர்ந்து கோர்ட்டுக்கு வர வேண்டாம்மா, பத்திரக் கட்டைப் பாரு" என்றார். அன்று ராத்திரி அழுதேன். பதினோரு வருஷமாக அதுதான் வேலை: பேங்குக்கும் நிலம் வாங்குபவர்களுக்கும், பத்திரம் பார்த்து நிலத்தின் உரிமை சரியா என்று ஒப்பீனியன் எழுதுவது.

தாய்ப்பத்திரம், வில்லங்கம், பட்டா, வாரிசு என்று பார்த்தால் கீழே ஊர்களில் பெரும்பாலும் முடிந்துவிடும். கூடலூர்ப் பக்கம் அது போதாது. போன மழைக்காலத்தில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், ரிட்டயர்மென்ட் பணத்தில் இரண்டு ஏக்கர் தேயிலை பேசி முடித்துவிட்டு வந்தார். ஜெர்கினுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து, "வில்லங்கம் சுத்தம் மேடம், ஒரு என்ட்ரி கூட இல்லை" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியதே அதுதான். தோட்டம் மூன்று கை மாறியிருக்கிறது, ஒன்றுகூடப் பதிவாகவில்லை, எல்லாம் முத்திரைத்தாளில் எழுதிய கைச்சாத்து. சர்வே நம்பரைப் பார்த்தால் செக்‌ஷன் 17.

தெரியாதவர்களுக்கு: அந்த நிலம் கேரளத்து நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம நிலம், அதாவது பரம்பரை உடைமை; உடைமைக்காரர்தான் ஜன்மி. 1969-இல் ஜன்ம ஒழிப்புச் சட்டம் போட்டார்கள், 1974-இல்தான் அமலுக்கு வந்தது. ஜன்மி தோட்டத்துக்குக் குத்தகை விட்டிருந்த நிலம் 17-ஆம் பிரிவில் வரும். குத்தகையைத் தொடர விடுவதா, முடிப்பதா என்பது அரசின் கையில். வாங்கினவருக்குப் பட்டா எங்கிருந்து வரும்?

"அட்வான்ஸ் கொடுத்தாச்சா சார்?" என்றேன். ஐந்து லட்சம். டீ ஏடு கட்டிப்போயிற்று, அவர் தொடவே இல்லை.

இதற்கு ஃபீஸ் மூவாயிரம். வாய்தா வாங்கிவிட்டு வருகிற ஜூனியருக்கே சில நாள் அதைவிட அதிகம் வரும், அது வேறு கதை.

*கோத்தகிரியிலிருந்து:*

நான் வக்கீலே இல்லை. எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி, பேட்டன்ட் ஏஜென்ட்: கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை விண்ணப்பம் எழுதி வாங்கித் தருகிற வேலை. அந்தத் தேர்வுக்கு அறிவியல் அல்லது பொறியியல் டிகிரி போதும், சட்டப் படிப்பு வேண்டாம். இரண்டு தாள், ஒரு வைவா. கிளைம், அதாவது கண்டுபிடிப்பில் எதற்கு உரிமை கேட்கிறோம் என்பதை எழுதுகிற இரண்டாம் தாள் என்னை ஒருமுறை கவிழ்த்தது.

சென்னை ஃபர்ம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. பேட்டன்ட் ஆபீஸ் அனுப்பிய ஆட்சேப அறிக்கைக்குப் பதில் போட கடைசி நாள், மரம் விழுந்து கரண்ட் போச்சு, நெட்டும் போச்சு. லேப்டாப்பையும் டிஜிட்டல் கையொப்ப டாங்கிளையும் எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ் ஏறினேன். அரவேணு தாண்டித்தான் சிக்னல் வந்தது. கொண்டை ஊசி வளைவில் குடலைப் புரட்ட, மடியில் வைத்தே ஃபைல் செய்தேன்.

மனக்குறை ஒன்று: எத்தனை வருஷம் போனாலும் பார்ட்னர் ஆக முடியாது. வக்கீல் அல்லாதவரோடு ஃபீஸ் பங்கு போடக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி.

*கூடலூரிலிருந்து:*

மேடம், செக்‌ஷன் 17 நம்பரைத் தேடி எடுத்துக் கொடுத்தது எந்த குமாஸ்தான்னு எழுதலையே. 😄 சரி, அந்த கோயம்புத்தூர்க்காரருக்கு அட்வான்ஸ் திரும்பி வந்துச்சா?

*ஊட்டியிலிருந்து:*

அண்ணா, மன்னிச்சுக்கோங்க, நீங்கதான் எடுத்துக் கொடுத்தீங்க. ரெண்டு லட்சம் வந்தது. மீதிக்கு நோட்டீஸ் போயிருக்கு.