பாத்திரம் விழுந்தும் அவன் எழுந்திருக்கல

கறுப்புமூக்கு:
டால்மேஷியன் நாய்க்குட்டி, அப்போ ஏழு வாரம். கூப்பிட்டா வந்துடுவான். ஆனா எந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாலும் முதல்ல வலது பக்கம்தான் திரும்பித் தேடுவான். விளையாட்டுன்னு நினைச்சுட்டேன். ஒருநாள் வலது காதைத் தரையில அழுத்தித் தூங்கிட்டிருந்தப்ப, சமையலறையில பெரிய பாத்திரம் விழுந்து உருண்டுச்சு. நான் பதறிட்டேன். அவனோட மீசை கூட அசையல. வயிறு மட்டும் சீரா ஏறி இறங்கிட்டிருந்தது. அப்புறம் பி.ஏ.இ.ஆர். டெஸ்ட் எடுத்தோம், சத்தம் கேட்டதும் நரம்புல எழும்புற மின் அலையைப் பதிவு பண்ற சோதனை. தலைத் தோலுக்கடியில மெல்லிய ஊசிகள், காதுக்குள்ள கிளிக் கிளிக்னு சத்தம். திரையில வலது காதுக்கு அலைகள் எழும்புச்சு, இடது காதுக்கு வெறும் கோடு. அந்தக் கோடு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிக்குது.

தொங்குகாது:
எங்களுது காக்கர் ஸ்பானியல், 9 வயசு. காதுல நாத்தம், ஓயாம தலையை உதறுவா. போன தடவை மிச்சமிருந்த சொட்டு மருந்தையே ஊத்தினேன். ரெண்டு நாள்ல தலை ஒரு பக்கம் சாஞ்சுடுச்சு, கண்மணி ரெண்டும் பக்கவாட்டுல ஓடிட்டே இருந்தது. டாக்டர் காதோட அடிப்பகுதியை மெதுவா அமுக்கினப்ப உள்ள 'சளக்'னு ஒரு சத்தம். அவ வலியில கத்தினா. மயக்க மருந்து கொடுத்துக் கழுவி, ஓட்டோஸ்கோப்னு காதுக்குள்ள பார்க்கிற கருவியில பார்த்தா செவிப்பறை கிழிஞ்சிருந்தது.

நாலுகால்நண்பன்:
தொங்குகாது, கோபிக்காதீங்க, மிச்ச மருந்தை ஊத்தினது பெரிய தப்பு. செவிப்பறை கிழிஞ்ச காதுல ஜென்டாமைசின் மாதிரி மருந்து போனா உள்காதே கெட்டு, செவிடாக்கூட ஆகலாம். நாய்க்குக் காதுக்குழாய் 'ட' மாதிரி கீழே இறங்கி உள்பக்கம் மடங்கும். வெளியிலிருந்து பார்த்தா பாதிதான் தெரியும். அழுக்கைப் பஞ்சுல எடுத்து, சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்ல பார்க்கச் சொல்லுங்க. ஈஸ்ட்டா, உருண்டை பாக்டீரியாவா, குச்சி பாக்டீரியாவான்னு தெரியாம மருந்து எழுதுறது குருட்டடி. குச்சி வகைன்னா கல்ச்சர் அனுப்பணும், அதாவது கிருமியை லேப்ல வளர்த்து எந்த மருந்து கேக்கும்னு பார்க்கணும். திரும்பத் திரும்ப வந்தா அடியில பெரும்பாலும் அலர்ஜி இருக்கும். எங்க லேப்ரடாருக்கு அப்படித்தான், சாப்பாட்டை மாத்தினதும் நின்னுச்சு.

கறுப்புமூக்கு, வீட்டுல கை தட்டிச் சோதிக்கிறதை நம்பவே கூடாது. காத்தும் தரை அதிர்வும் உடம்புல பட்டே நாய் திரும்பிடும். ஒரு காது மட்டும் கேக்காததை அந்த டெஸ்ட்தான் காட்டும். பிறவிக் குறைன்னா மூணு நாலு வாரத்துலயே உள்காது கெட்டுடும். அதனால அஞ்சு வாரத்துக்கு மேல எடுத்தா முடிவு சரியா வரும்.

தொங்குகாது:
தப்புன்னு எனக்கே தெரியும்ங்க, அதனாலதான் எழுதினேன். மருந்துக்கு முன்னாடியே கிழிஞ்சிருந்ததா, அப்புறம் கிழிஞ்சதான்னு டாக்டராலயும் சொல்ல முடியல. இப்போ தலை கொஞ்சம் நேராயிடுச்சு. ஆனா நான் துணியால காதைத் துடைக்கப் போனாலே கட்டிலுக்கடியில போய் ஒளிஞ்சுக்கிறா.

கறுப்புமூக்கு:
நான் கை தட்டிப் பார்த்தேன்னு எங்கேயும் எழுதலையே. இப்போ அவனுக்கு ஒன்றரை வயசு. இருட்டுல கூப்பிட்டா குரல் எங்கேருந்து வருதுன்னு தெரியாம நின்ன இடத்துலயே சுத்துறான். டார்ச் அடிச்சா நேரா ஓடி வந்துடுவான்.