உன் நம்பர் என்னன்னு கேட்டாரு, நான் ஃபின் நம்பரைச் சொன்னேன்

கம்பி_வளைக்கிறவன்:
ரொம்ப நாளா மனசுல கெடக்கு, கொட்டிடறேன். நான் சிங்கப்பூர்ல பல் லேப்ல கம்பி வளைக்கிற டெக்னீஷியன். 2018 ஐடெம் பல் மருத்துவக் கண்காட்சி, சன்டெக்ல. ஒரு ஸ்டால்ல ரிட்டெய்னர் (பல்லு நகராம இருக்க மாட்டிக்கிற கம்பித் தட்டு) மாடல் வச்சிருந்தாங்க, நான் குனிஞ்சு ஆடம்ஸ் கிளாஸ்ப்பை, அதான் பல்லைக் கவ்வற கம்பிக் கொக்கியை, பாத்துட்டு இருந்தேன் (பழக்கதோஷம், யார் வாய்ல கம்பி தெரிஞ்சாலும் கண்ணு அங்கதான் போகும்). பக்கத்துல ஒரு வெள்ளைக்காரரு, அவரும் அதையேதான் குனிஞ்சு பாத்துட்டு இருந்தாரு. இங்கிலாந்துல ஆர்த்தோ டெக்னீஷியனாம், பல்லு சீராக்கற கருவி செய்றவரு. 0.7 மில்லிமீட்டர் கம்பி, திருப்பித் திருப்பி வளைச்சா படக்குன்னு ஒடையறது, இதெல்லாம் பேசி நல்லா சிரிச்சிட்டு இருந்தோம். நடுவுல சாதாரணமா கேட்டாரு, உன் ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் என்ன, எந்த சங்கத்துல இருக்கேன்னு. நான் யோசிக்காம ஃபின் நம்பரை (வெளிநாட்டு ஆளுங்களுக்கு சிங்கப்பூர் கொடுக்கற அடையாள நம்பர்) சொல்ல ஆரம்பிச்சிட்டேன். ஜி போட்டு நாலு நம்பர் சொன்னதுக்கு அப்புறம்தான் அவரு மூஞ்சியப் பாத்தேன்.

அதுக்கு முந்தின வாரம்தான் ஒரு கிளினிக்லேர்ந்து போன், ஸ்பீக்கர்ல, பேஷன்ட் பக்கத்துலயே உக்காந்திருக்காங்க, "லேப் வேலை சரியில்ல, ஒக்காரவே மாட்டேங்குது"ன்னு. பேஷன்ட் பல்லோட பிளாஸ்டர் மாடல் என் கையில இருக்கு. மாடல்ல வச்சா டிக்குன்னு ஒக்காருது. கிளினிக்ல வாய்ல வச்சு எடுத்த ஆல்ஜினேட் அச்சு ஈரத்துணி கூட சுத்தாம காய்ஞ்சு சுருங்கிப்போய் வந்துச்சுன்னு எனக்கும் தெரியும், கூரியர் பையனுக்கும் தெரியும். சாரி டாக்டர்னு சொல்லி சும்மா செஞ்சு கொடுத்தோம்.

உட்லண்ட்ஸ்_அக்கா:
தம்பி, எனக்கு வேற கதை. மலேசியா ஜேபிலேர்ந்து (ஜோகூர் பாரு) தினம் வந்து போய்ட்டு இருந்தேன், லேப்ல அக்ரிலிக் வேலை. மோனோமரும் (அக்ரிலிக் கலக்கற திரவம்) ஜிப்சமும் (மாடல் வார்க்கிற மாவு) சேந்து விரல் நுனி வெடிச்சு தோல் உரிஞ்சு போச்சு. ஒரு நாள் காலைல செக்பாயிண்ட்ல கட்டைவிரல வைக்கிறேன், படிக்கல. தொடச்சிட்டு வைக்கிறேன், படிக்கல. பின்னாடி வரிசை நீளுது, ஒரு ஆள் உச்சு கொட்டறாரு, ஆபீசர் என் விரலைத் திருப்பிப் பாத்துட்டு "என்ன வேலை செய்றீங்க?"ன்னாரு. அந்த ஒரு கேள்விக்கு அழுகை வந்துடுச்சு எனக்கு.

லேடெக்ஸ் கையுறை போட்டுத்தான் வேலை செஞ்சேன். மோனோமர் அதுக்குள்ள சுலபமா பூந்துடும்னு அப்புறமா ஒரு சாமான் விக்க வந்த சேல்ஸ்மேன் சொல்லித்தான் தெரியும். 6 வருஷம் கழிச்சு! சங்கம்னு ஒண்ணு இருந்திருந்தா இதை மொத வருஷமே யாராவது சொல்லியிருப்பாங்களோ என்னவோ.

பழைய_ஆள்:
எல்லாரும் சங்கம் சங்கம்னு உருகறீங்க. சங்கம் இருந்தா மட்டும் அந்த டாக்டர் ஸ்பீக்கர ஆஃப் பண்ணிருப்பாரா? நானும் ஒரு சங்கத்துல இருந்தேன், பேர் வேணாம், இந்தத் தொழில் இல்ல ஆனா பக்கத்துத் தொழில்தான். ஆண்டுக் கூட்டம்னு கூப்புட்டாங்க, சம்பளத்தைப் பத்திக் கேக்கலாம்னு பேப்பர்ல எழுதிக்கிட்டு போனேன், லக்கி டிராவுல எனக்கு ரைஸ் குக்கர் விழுந்துச்சு. பேப்பர் பாக்கெட்லயே இருந்துச்சு. குக்கர் இன்னும் ஓடுது, அது வேற விஷயம். அக்கா, கையுறை விஷயத்தை உங்க முதலாளி சொல்லியிருக்கணும், அதுக்கு எதுக்கு சங்கம்.

தோபாயோ_அம்மா:
நான் இந்தத் தொழில் இல்ல, சும்மா படிச்சிட்டு இருந்தேன். பொண்ணு ரிட்டெய்னரை டிஷ்யூல சுத்தி வச்சு ஹாக்கர் சென்டர்ல ட்ரேயோட திருப்பிக் கொடுத்துட்டா. நானும் அவளும் அங்க மிச்சம் கொட்டற தொட்டில கைய விட்டு தேடினோம், மீ கோரெங் நடுவுல, கெடைக்கல. கிளினிக்ல சொன்னாங்க, லேப்ல மாடல் பத்திரமா வச்சிருக்காங்க, மறுபடி அச்சு எடுக்க வேணாம்னு. அதுவரைக்கும் டாக்டரேதான் ராத்திரி உக்காந்து செய்வாருன்னு நெனச்சிட்டு இருந்தேன். செஞ்சவரு யாருன்னு கேட்டேன், பில்லுல டாக்டர் பேருதான் இருந்துச்சு.

லண்டன்_ரிட்டர்ன்:
கவுன்சில், சங்கம் ரெண்டையும் போட்டு குழப்பிக்கிறீங்க. கம்பி, அவரு கேட்ட நம்பர் கவுன்சில் நம்பர். இங்கிலாந்துல 2008லேர்ந்து ஜெனரல் டென்டல் கவுன்சில்ல பதியாம டென்டல் டெக்னீஷியன்னு பேர் போட்டுக்க முடியாது, இன்டெம்னிட்டி (தப்பு நடந்தா ஈடு கட்டற காப்பீடு) கட்டாயம், 5 வருஷத்துக்கு 50 மணி நேரம் படிச்சதுக்கு அத்தாட்சி காட்டணும். ஆனா கவுன்சில் இருக்கிறது பேஷன்ட்டைக் காப்பாத்த, உங்களை இல்ல. உங்க பக்கம் நிக்கிறதுக்குத்தான் ஆர்த்தோடான்டிக் டெக்னீஷியன்ஸ் அசோசியேஷன் தனியா இருக்கு, அது இஷ்டப்பட்டு சேர்றது. இங்க சிங்கப்பூர்ல டென்டல் கவுன்சில் ரிஜிஸ்டர் டாக்டருக்கும் ஓரல் ஹெல்த் தெரபிஸ்டுக்கும்தான். ஆர்த்தோ டாக்டர்களுக்கு சங்கம் இருக்கு, கம்பி வளைக்கிறவனுக்கு?

என் கதை சின்னது. அங்க ஒரு கூட்டத்துல ஒரு பெரியவரு மேசையில உக்காந்து பேசாமலே ஆடம்ஸ் கிளாஸ்ப் வளைச்சாரு, அம்புமுனை ரெண்டும் அச்சுல வார்த்த மாதிரி. சுத்தி பதினஞ்சு பேரு மூச்சு விடாம நின்னோம். முடிச்சிட்டு அதைத் தூக்கி குப்பையில போட்டுட்டு, இப்ப நீ செய்யின்னு பிளையரை என் கையில கொடுத்தாரு. பழைய ஆளு, அங்க லக்கி டிரா இல்ல.

சரி இப்ப என்ன செய்யலாம்னா, ஒண்ணு, அச்சு வந்த ஒடனே பையைப் பிரிக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, நேரம் விழற மாதிரி, காய்ஞ்சிருந்தா பிளாஸ்டர் ஊத்தாதீங்க, கிளினிக்குக்கு அப்பவே வாட்ஸ்அப் பண்ணிடுங்க, வாயால சொன்னா நிக்காது. டாக்டர் எழுதின ஆர்டர் சீட்டை மாடலோடயே வைங்க. ஸ்கேன் ஃபைலா வந்தாலும் இதேதான், ஓட்டை இருக்கற ஸ்கேனை நீங்களா ஒட்டு போட்டு பிரின்ட் பண்ணா பழி உங்க மேலதான். அக்கா, நைட்ரைல் கையுறை போட்டாலும் மோனோமரை ரொம்ப நேரம் தாங்காது, நனைஞ்சா ஒடனே மாத்துங்க, மாடல் ட்ரிம் பண்ணும்போது மாஸ்க். அப்புறம் சங்கம் வேணும்னா பத்து பேரைச் சேத்து சொசைட்டீஸ் ரிஜிஸ்ட்ரில பதிய வழி இருக்கு, சட்டதிட்டம் எழுதணும், வருஷக் கணக்கு கொடுக்கணும், பொருளாளரா ரைஸ் குக்கர் வாங்காத ஆளாப் பாருங்க, மொதல்ல இங்க சிங்கப்பூர் உபி ஏரியா பக்கம் எத்தனை லேப்ல எத்தனை பேருன்னு ஒரு லிஸ்ட் போடுங்க, அதுல வொர்க் பெர்மிட் ஆளுங்க பயப்படுவாங்க, அதனால...

பழைய_ஆள்:
குக்கர் நான் வாங்கல, விழுந்துச்சு. சரியாப் படிங்க.

கம்பி_வளைக்கிறவன்:
அண்ணே நன்றி, போட்டோ இப்ப எடுக்கறோம், அதெல்லாம் அப்பவே ஆரம்பிச்சாச்சு. நான் கேக்க வந்தது அது இல்ல. அவரு அன்னைக்கு சிரிக்கவே இல்ல, தெரியுமா? கார்டை எடுத்துக் கொடுத்துட்டு, உன் கிளாஸ்ப் ஒண்ணு போட்டோ இருந்தா காட்டுன்னாரு. போன்ல ஒரு போட்டோ இல்ல. 11 வருஷ வேலைல ஒண்ணு கூட இல்ல.

தோபாயோ அம்மா, உங்க பொண்ணு ரிட்டெய்னர்ல பிளேட்டு நீலக் கலர்ல மினுமினுன்னு கிளிட்டர் போட்டதா?

தோபாயோ_அம்மா:
இல்லப்பா, ரோஸ்.