ஃபைபர் கோணம் எலிமென்ட்டுக்கு எலிமென்ட் தாவுகிறது: வளைவு வரம்பை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது?

பாவுநூல்:
600 × 400 மிமீ கார்பன்-எப்பாக்சி பேனல், 16 லேயர், சமச்சீர் அடுக்கு. நான்கு ஓரமும் சிம்ப்ளி சப்போர்ட்டட் (ஓரம் தளத்தை விட்டு விலகாது, ஆனால் சுழலலாம்). அழுத்தம் 600 மிமீ பக்கத்தின் வழியே, அதாவது எக்ஸ் திசையில். பக்லிங் சுமையை, அதாவது பேனல் நெளியத் தொடங்கும் சுமையை, கூட்ட வேண்டும். ஒவ்வொரு எலிமென்ட்டின் (கணினி மாடலில் பேனலைப் பிரித்த சிறு கட்டம்) ஃபைபர் கோணத்தையும் தனி மாறியாக்கி ஜெனடிக் அல்காரிதம் ஓட்டினால் ஓரிடத்தில் 10 டிகிரி, ஒட்டிய எலிமென்ட்டில் 75 என்று வருகிறது. சராசரி எடுத்து மென்மையாக்கினால் சில இடங்களில் சம்பந்தமே இல்லாத கோணம். ஃபைபரைப் பதிக்கும் இயந்திரத்தில் 3.175 மிமீ அகல டோ (ஃபைபர் நாடா), 16 டோ சேர்ந்து ஒரே ஓட்டத்தில் பதியும் பட்டை ஒரு கோர்ஸ். டோவை வளைக்கக்கூடிய குறைந்தபட்ச ஆரம் 635 மிமீ.

வளைகோடு:
முதல் அடியிலேயே சேர்க்க வேண்டும். பிறகு மென்மையாக்கினால் கிடைப்பது வேறு டிசைன். அல்காரிதம் கண்டுபிடித்த லாபம் அதில் இருக்காது.

எலிமென்ட் கோணங்களை விட்டுவிட்டு லேயருக்கு இரண்டே மாறி வையுங்கள்: நடுவில் கோணம் T0, ஓரத்தில் T1, இடையில் ஒய் வழியே (400 மிமீ பக்கம், நடுவிலிருந்து ஓரம் வரை 200) நேர்கோட்டு மாற்றம். அப்போது பாதையின் வளைவு = (ஒய் வழியே கோணம் மாறும் வீதம்) × சைன் θ. θ என்பது எக்ஸ் திசையிலிருந்து ஃபைபரின் கோணம்; ஆரம் = 1 ÷ வளைவு. உங்கள் அளவுக்கே போட்டுப் பாருங்கள்.

60|15 (அதாவது T0 60, T1 15): 45 டிகிரி மாற்றம் 200 மிமீ-க்குள். நடுவில் ஆரம் சுமார் 294 மிமீ. முடியாது.
45|20: ஆரம் 648. தாளில் தேறிவிட்டது, ஆனால் அது கோர்ஸின் மையக்கோட்டுக்கு. கோர்ஸ் அகலம் 50.8 மிமீ, கடைசி உள் டோவின் மையம் சுமார் 24 மிமீ உள்ளே, அதன் ஆரம் 624. அந்த டோ மடிந்து எழும்பும்.
45|21: மையக்கோட்டில் 675, உள் டோவில் 651. இது ஓடும்.

635 ஆரத்தில் டோவின் உள்ளோரம் 0.25% சுருங்க வேண்டியிருக்கிறது (அகலம் ÷ இரு மடங்கு ஆரம்). 6.35 மிமீ டோவுக்கு மாறினால் அதே ஆரத்தில் இது 0.5% ஆகிவிடும், பழைய வரம்பை அப்படியே வைக்காதீர்கள்.

சராசரிப் பிரச்சினைக்குக் காரணம் எளிது: 88-க்கும் −88-க்கும் சராசரி 0. ஃபைபரோ இரண்டிலும் ஏறக்குறைய 90-இல்தான் கிடக்கிறது. காஸ் 2θ, சைன் 2θ இரண்டையும் தனித்தனியே சராசரி எடுத்து, பிறகு கோணத்துக்குத் திரும்புங்கள்.

இடைவெளி:
மேலே சொன்னதில் தடிமன் விட்டுப்போனது. கோணம் ஒய்-யை மட்டும் சார்ந்தால் கோர்ஸ்களை எக்ஸ் வழியே நகர்த்தி அடுக்குவீர்கள்; பாதைக்குக் குறுக்கே அளந்த கோர்ஸ் இடைவெளி சைன் θ-வோடு மாறும். 45|21-இல் நடுவில் இடைவெளியே இல்லாதபடி வைத்தால் நகர்வு சுமார் 71.8 மிமீ. ஓரத்தில் சராசரித் தடிமன் ஏறத்தாழ இரு மடங்காகிறது (0.707 ÷ 0.358). மேல்படியும் டோவை வெட்டாமல் விட்டால் ஓரம் ஸ்டிஃப்னர் (விறைப்பூட்டும் பட்டை) போல வேலை செய்யும். பக்லிங் எண் எகிறும், எடையும் ஏறும். நேர் ஃபைபர் பேனலோடு ஒப்பிடும்போது சம எடையில் ஒப்பிடுங்கள், இல்லையேல் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை. வெட்டினால் தடிமன் சீராகும், வெட்டிய முனைகளில் முக்கோண ரெசின் குழிகள் வரும். அவை லேயருக்கு லேயர் ஒரே இடத்தில் விழாதபடி பாதைகளைத் தள்ளி வையுங்கள்.

பாவுநூல்:
நன்றி. லேமினேஷன் பாராமீட்டர் (எல்லா லேயர் கோணங்களையும் சில சராசரி எண்களாகச் சுருக்குவது) வழியில் போனால் இதைவிட நல்லதா?

வளைகோடு:
இரண்டு மாறிகள் போதாது என்று தெரிந்தால் மட்டும். கிரேடியன்ட் முறைக்கு அது வசதி. சாத்தியப் பரப்பு குவிந்தது, எடுத்துக்காட்டாக V3 ≥ 2V1² − 1 (V1, V3 முறையே காஸ் 2θ, காஸ் 4θ-வின் லேயர் சராசரி). ஆனால் அதிலிருந்து ஃபைபர் கோணத்தை மீட்கும் இரண்டாம் கட்டத்தில் அதே 635 திரும்ப வந்து நிற்கும்.

கணுமுறை:
இரண்டு எச்சரிக்கை. உகந்த நிலையை நெருங்கும்போது முதல் இரண்டு பக்லிங் மோடுகளின் (நெளியும் வடிவங்களின்) சுமைகள் ஒட்டிக்கொள்ளும். முதல் மோடை மட்டும் உயர்த்தப் பார்த்தால் தீர்வு ஊசலாடும். முதல் 5 மோடுகளின் சுமையும் β என்ற ஓர் எல்லைக்குக் குறையக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்து, அந்த β-வை உயர்த்துங்கள்.

அடுத்தது எல்லை நிபந்தனை. இந்த லாபத்தில் பெரும்பகுதி, தாங்கப்பட்ட ஓரத்துக்குச் சுமை நகர்வதால் வருவது. சுமை ஏறும் விளிம்பில் சீரான இடப்பெயர்ச்சி கொடுத்தால்தான் அது நடக்கும். சீரான அழுத்தமாகக் கொடுத்தால் விளிம்பருகே சுமை இடம் மாற முடியாது, எண் வெகுவாகக் குறையும். சோதனைச் சட்டகம் எந்த வகை என்று பார்த்துவிட்டு மாடலில் போடுங்கள்.